ஆட்டக்காரருக்கும் ரோலருக்கும் நடக்காத சண்டை

எங்கள் வீட்டில் அமெரிக்காக்காரர்கள் இரண்டு பேர் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் நகரிக்குக் கேபிள் டிவி வந்த புதிது அது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நைனா, அதாவது என் அப்பா, நாலு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே தெரிகிற மாதிரி டிவியைத் திருப்பி வைத்திருந்தார். தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் சினிமாப் பாட்டு ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் பாக்சிங், யாரோ யாரையோ குத்திக்கொண்டிருப்பார்கள்.

தறிச் சத்தத்தில் டிவி என்ன பேசுகிறது என்று கேட்காது. கேட்டாலும் அந்த இங்கிலீஷ் எங்களுக்குப் புரிந்திருக்கப் போவதில்லை. ஆகவே வர்ணனை முழுக்க நைனாவுடையது. வெள்ளைக்காரப் பெயர்கள் அவர் வாயில் நுழையாததால் பெயர்களையும் அவரே வைத்தார். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் மட்டும்தான் ஏறவில்லை, மற்றபடி வீட்டு மனிதர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒருவர் ஆட்டக்காரர். உயரமானவர். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடையின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வருவார். எதிராளி அடிக்க வந்தால் அவர் தலை ஒரு விரற்கடை பின்னால் போகும். போன தலை திரும்பி வருவதற்குள் அவருடைய இடதுகை எதிராளியின் மூக்கை இரண்டு தடவை விசாரித்துவிட்டு வந்திருக்கும். இன்னொருவர் ரோலர். கழுத்து என்று ஒன்று இல்லாதவர். குனிந்து, தோளை இப்படியும் அப்படியும் ஆட்டி, ரோடு போடுகிற வண்டி மாதிரி நேராக வருவார். எதிராளியின் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டார் என்றால் அடுத்த நிமிஷம் எதிராளி படுத்திருப்பார்.

இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் மோதியதே இல்லை. ஆட்டக்காரர் கையுறையைக் கழற்றி வைத்து வெகுகாலம் ஆன பிறகுதான் ரோலர் மேடை ஏறினார். நடந்த சண்டைக்கு ஒரு முடிவு இருக்கும், நடக்காத சண்டைக்கு ஏது முடிவு? நைனா அதை வருஷக்கணக்கில் நடத்தினார். டீக்கடையில், நூல் கடையில், முடி வெட்டிக்கொள்ளும்போது, எல்லா இடத்திலும் ஆட்டக்காரரே ஜெயித்தார்.

"மொதல்ல கொஞ்சம் ரவுண்டு அவன வெரட்ட வுடணும். வெரட்டி வெரட்டி மூச்சு வாங்குவான் பாரு, அப்போ ஆரம்பிப்பாரு நம்மாளு," என்பார். ஆட்டக்காரர் என்றால் 'வந்தாரு, போனாரு'. ரோலர் என்றால் 'வந்தான், போனான்'. மரியாதையிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நைனாவுக்கு விஷயம் தெரியும். யார் பலசாலி என்று கேட்பவன் பாக்சிங் தெரியாதவன், யாருக்கு யார் ஒத்துவராது என்றுதான் கேட்க வேண்டும் என்பார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நைனாவின் அக்கா, வடமாலபேட்டையில் வாழ்க்கைப்பட்டவர், மூச்சு விடாமல் மேலே விழுந்து பேசுபவர். நைனா நழுவிக்கொண்டே இருப்பவர். அம்மா பேசாமல் காத்திருந்து ஒரே வார்த்தையில் அடிப்பவள். அத்தை நைனாவை மூலையில் மடக்கிவிடுவார். அம்மா அத்தையை ஒரு சொல்லில் உட்கார வைத்துவிடுவாள். அம்மாவிடம் மட்டும் நைனா தப்பித்துக்கொள்வார், ஏனென்றால் அவளெதிரே வாயைத் திறக்கவே மாட்டார். திறந்தால்தானே அவள் அடிக்க முடியும். ஆக மூன்று பேரில் யார் பெரியவர் என்று இன்றுவரை சொல்ல முடியாது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷங்களில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் சென்னைக்கு, சிலர் பெங்களூருக்கு, கொஞ்சம் துணிச்சல்காரர்கள் குவைத்துக்கு. நான் மட்டும் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தார் சுற்றுவது என்றால் நெசவுக்கான நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் ஏற்றுவது. காலையில் சுற்றினால் மத்தியானம் தீர்ந்துவிடும், மத்தியானம் சுற்றினால் சாயங்காலம் தீர்ந்துவிடும். உள்ளூரிலேயே ஒரு வரன் தயாராக இருந்தது. எட்டுத் தறிக்காரர் மகன். அந்த வீட்டுக்குப் போனால் இதைப் போல இரண்டு மடங்கு தார் சுற்றலாம் என்பதுதான் அதில் இருந்த ஒரே முன்னேற்றம்.

இன்னொரு வரனை அத்தை கொண்டுவந்தார். திருப்பதியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். அவனுடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டில் தமிழ், டிப்போவில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். நாங்கள் அவரை டிப்போக்காரர் என்று சொல்ல ஆரம்பித்தோம்.

பெண் பார்க்க வந்தார்கள். மரியாதைக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். டிவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அதில் ஆட்டக்காரர் யாரோ ஒரு பாவப்பட்ட மனிதரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் உள்ளே கேசரித் தட்டோடு கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டம் நல்லாத்தான் கீது," என்றார் டிப்போக்காரர். "ஆனா நம்மாளு முன்னாடி நிக்க மாட்டாரு."

"நம்மாளுன்னா?" என்றார் நைனா.

"அதாங்க, கழுத்து இல்லாம ஒருத்தன், குனிஞ்சிக்கினு வந்து ஒரே குத்துல சாய்ப்பானே."

நைனாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். இந்த ஜில்லாவில் இன்னொருவர் இருக்கிறார் என்ற சந்தோஷம். அடுத்த நொடியே வேதனை. சாமி ஒன்றுதான், நாமம்தான் வடகலை, தென்கலை என்று வேறு. திருப்பதிப் பக்கத்தில் அதன் அர்த்தம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

"சம்பந்தி, ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஒங்காளு கிட்ட வந்தாத்தானே குத்துவான்? கிட்ட வரவுடணும் இல்ல?"

"வருவான்ங்க. எப்டி வருவான்னு காட்டட்டுமா?"

காட்டினார். நைனாவும் சும்மா இருப்பாரா? புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அம்மா எனக்குக் கண் காட்டியதும் நான் தட்டோடு கூடத்துக்குள் போனேன். நைனா குதிகாலைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். டிப்போக்காரர் கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்த நிலையில் அவரைத் துரத்திக்கொண்டிருந்தார். நைனா என் பக்கமாக நழுவினார். டிப்போக்காரர் கீழே இருந்து மேலே ஒரு குத்து விட்டார். நைனா விலகிக்கொண்டார், தட்டு விலகவில்லை. கேசரி முழுவதும் கூரைவரை போய்த் திரும்பி நைனாவின் புதுச் சட்டையில் இறங்கியது.

மாப்பிள்ளையாக வந்தவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் கிடந்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மடியில் வைத்திருந்த கைகளில் ஒவ்வொரு விரலாக நீட்டி, நடுவர் விழுந்தவனுக்கு எண்ணுவதைப் போல, தட்டுக்கு எண்ண ஆரம்பித்தார். எட்டாவது விரலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விரல்களுக்காகவே நான் அவரைக் கட்டிக்கொள்ள முடிவு செய்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை, யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"பொண்ணு வந்து நிக்கறா. கண்ணு தெரியலியா?" என்றாள் அம்மா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நைனா சட்டையிலிருந்து ஒரு முந்திரிப் பருப்பை எடுத்துக்கொண்டே, "இதான் ஒங்காளோட லட்சணம். எங்க அடிக்கறோம்னு தெரியாமயே அடிக்கறது," என்றார்.

"ஒங்காளு நின்னாத்தானே அடிக்கறது?" என்றார் டிப்போக்காரர். "எலி மாரி மூலைக்கு மூல பூந்துக்கினு கீறவன எங்க போய் அடிக்கறது?"

எலி என்ற சொல் ஆட்டக்காரருக்குச் சொல்லப்பட்டதா, கேசரியோடு நின்றிருந்த நைனாவுக்குச் சொல்லப்பட்டதா என்பது விவாதத்துக்குரியது. நைனா விவாதிக்கவில்லை. காபி வருவதற்குள் அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிறந்த நாட்டில் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்காக என் கல்யாணம் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு டிவியின் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். நைனா சத்தம் போடாமல் திரும்பச் சொருகிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு பேரும் சம்பந்தப் பேச்சை விட்டார்களே ஒழிய, சண்டைப் பேச்சை விடவில்லை. நேரில் பேசிக்கொள்வது கௌரவக் குறைச்சல். அதனால் நகரிக்கும் திருப்பதிக்கும் நடுவே வடமாலபேட்டையில் இருந்த அத்தை தலையில் அது விழுந்தது. அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார்கள். நைனா போன் போட்டுச் சொல்வார், அத்தை திருப்பதிக்குப் போன் போட்டுச் சொல்வார். கல்யாணத்தை எப்படியாவது ஒட்டவைத்துவிடலாம் என்ற ஆசையில் அத்தை இந்த வேலையைச் செய்தார். அவருக்கு பாக்சிங்கில் ஒரு எழுத்தும் தெரியாது.

"அவுங்காளுக்கு சரியான ஜாப் கெடையாதுன்னு சொல்லு," என்றார் நைனா ஒருநாள். இடதுகையை நீட்டி எதிராளியைத் தள்ளியே வைக்கிற அந்தக் குத்துக்குத்தான் ஜாப் என்று பெயர்.

அத்தை திருப்பதிக்குப் போன் போட்டு, "ஒங்க பையனுக்கு சரியான ஜாப் கெடையாதுன்னு எந்தம்பி சொல்றான்," என்றார்.

டிப்போக்காரர் கொதித்துப்போனார். பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததற்காக டிப்போ முழுக்க லட்டு கொடுத்த மனிதர். "சந்தேகமா இருந்தா பெங்களூருக்கே வந்து பாத்துக்கச் சொல்லும்மா," என்றார். அத்தை அதை அப்படியே நைனாவிடம் ஒப்பித்தார். "பெங்களூர்ல ஏதுக்கா பாக்சிங்கு?" என்று நைனா நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். நான் தார் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டுத் தறிக்காரர் வீட்டிலிருந்து இரண்டாவது தடவை ஆள் அனுப்பியிருந்தார்கள். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் நகரியில் கரண்ட் இல்லை. திருப்பதியில் இருந்தது. அன்றைக்கு டிவியில் ஒரு பழைய சண்டையைப் போட்டிருக்கிறார்கள். உயரமான ஒரு ஆள், ஆட்டக்காரரும் இல்லை, பெரிய பெயர் வாங்கியவரும் இல்லை, நீளமான இடதுகையை நீட்டி நீட்டியே ரோலரைக் கிட்ட வரவிடாமல் நிறுத்தி, கடைசியில் படுக்கவும் வைத்துவிட்டார். நைனா எதைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அது அப்படியே நடந்தது. டிப்போக்காரர் அதை முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிடிவாதக்காரர்தான், ஆனால் நேர்மையான மனிதர். பூத்துக்குப் போய் அத்தைக்குப் போன் போட்டார். டிப்போவுக்குக் கிளம்புகிற நேரம், வாயில் தெலுங்குதான் வந்தது.

"மா வாடு ஓடிபோயாடு. மீ தம்முடிகி செப்பண்டி."

'எங்காளு தோத்துட்டான், உங்க தம்பிகிட்ட சொல்லுங்க' என்று அர்த்தம். தெலுங்கில் ஓடிப்போவது என்றால் தோற்றுப்போவது. தமிழில் ஓடிப்போவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தெலுங்கு மட்டும் தெரிந்த ஒருவர் அந்தப் போனை எடுத்திருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அத்தைக்கும் தெலுங்கு நன்றாகத் தெரியும், ஊர்த் தெலுங்குக்காரர்களே மெச்சுகிற மாதிரி பேசுவார். வினையே அதில்தான் இருந்தது. எங்கள் பக்கத் தமிழர்கள் தெலுங்கு பேசும்போது, வீட்டை விட்டு ஓடிவிட்டான் என்பதற்கு 'பாரிபோயாடு' என்று சொல்லத் தெரியாமல், தமிழை இழுத்துவந்து 'ஓடிபோயாடு' என்று சொல்லிச் சிரிப்பு வாங்குவார்கள். டிப்போக்காரரும் தமிழர்தானே, அவரும் அப்படித் தப்பாகச் சொல்கிறார் என்று அத்தை எடுத்துக்கொண்டார். தன் மனதுக்குள் அவர் தெலுங்கைத் திருத்தியும் வைத்தார். 'மா வாடு' என்றால் எங்காளு மட்டும் இல்லை, எங்க பையனும்தான்.

அத்தை அடுத்த பஸ்ஸில் நகரிக்கு வந்து இறங்கினார். வழி நெடுக அழுதிருக்கிறார்.

"பையன் ஓடிப்போயிட்டான்டா," என்றார் நைனாவிடம்.

"யாரோட?" என்றாள் அம்மா.

அத்தை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "யாரோ கூட வேல செய்யற பொண்ணாம். பெங்களூர்லனா கேக்கணுமா?" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஓடுவதென்று ஆகிவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டல்லவா ஓடியிருக்க வேண்டும்? எனக்காக ஒரு தட்டுக்கு எண்ணிய மனிதர் இன்னொருத்தியோடு பஸ் ஏறியிருக்கிறார். சுற்றி வைத்திருந்த தார்க் கூடையைக் காலால் ஒரு உதை விட்டேன். குழல்கள் கொட்டகை முழுக்க உருண்டன. யாரும் என்னைத் திட்டவில்லை என்பதிலிருந்தே விஷயம் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

கரண்ட் வந்து ஓட ஆரம்பித்திருந்த நாலு தறியையும் நைனா நிறுத்தினார். ஜெயித்துவிட்டேன் என்று குதிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் கறுத்திருந்தது.

"பாவம் அந்த மனுசன்," என்றார். "எப்டி வெளிய தல காட்டுவாரு? போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"இவளயும் இட்டுக்கினு போங்க," என்றாள் அம்மா.

"இவ எதுக்கு?"

"ஓடிப்போன மாப்ள இவளுக்கா ஒங்களுக்கா?"

நைனா சட்டையை மாட்டிக்கொண்டார். நான், நைனா, அத்தை மூன்று பேரும் திருப்பதி பஸ்ஸைப் பிடித்தோம்.

டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. டிப்போக்காரர் கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டிப்போவுக்குக் கிளம்பியவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டாராம். நைனாவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நைனா அவரைத் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"மனச வுட்றாதீங்க சம்பந்தி. எல்லார் வூட்லயும் நடக்கறதுதான்."

"நான் எதிர்பாக்கலங்க. எவ்ளோ நம்பிக்கினு இருந்தேன் தெரியுமா?"

"தெரியாமயா? முன்னாடியே எதனா தெரிஞ்சுதா?"

"ஆரம்பத்துலயே தெரிஞ்சிபோச்சு. காலு நெலையா நிக்கல."

நைனா அத்தையைப் பார்த்தார். அத்தை, நான் சொல்லவில்லையா என்பது போலத் தலையை ஆட்டினார்.

"அந்தப் பக்கம் யாரு? எப்டி?" என்று கேட்டார் நைனா, மெதுவாக.

"பெருசா பேர் ஒண்ணும் இல்ல. நல்ல ஒயரம். கை ரெண்டும் இவ்ளோ நீட்டு," என்று டிப்போக்காரர் கையை விரித்துக் காட்டினார்.

"வயசு?" என்றார் அத்தை.

"வயசு கொஞ்சம் கூடத்தாம்மா இருக்கும். ஒடம்பும் பெருசு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஏனோ அந்த வயதான, உயரமான, கை நீண்ட பெண்மீது அளவில்லாத ஆத்திரம் வந்தது.

"வுடுங்க. நல்லா இருக்கட்டும்னு வாழ்த்திட்டு வுட்ருவோம்," என்றார் நைனா.

"எங்க நல்லா இருக்கறது? மூஞ்சி வீங்கிப்போய், பல்லுல மாட்டிக்கிற அந்த ரப்பரத் தேடிக்கினு தரையில தவழ்ந்தான் பாருங்க, எனக்கு நெஞ்சே அடச்சிபோச்சு. அதுக்குள்ள நடுவர் பத்து எண்ணிட்டாரு."

நைனா அவரைப் பார்த்தார். அவர் நைனாவைப் பார்த்தார். அந்த நேரத்தில் கொல்லைப்புறக் கதவு திறந்தது. ஓடிப்போனவர் தலையைத் துவட்டிக்கொண்டு, துண்டோடு உள்ளே வந்தார். பண்டிகை லீவுக்கு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் மறுபடி கொல்லைப்புறத்துக்கே ஓடினார். அவர் அன்றைக்கு ஓடியது அவ்வளவுதான்.

விஷயம் விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் முதலில் சிரித்தது உள்ளேயிருந்த டிப்போக்காரர் மனைவி. பிறகு எல்லோரும். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "தமிழ்ப் பேசினா தமிழ்ப் பேசணும், தெலுங்கு பேசினா தெலுங்கு பேசணும்," என்று டிப்போக்காரரைக் கடிந்துகொண்டார். "நான் தெலுங்குதாம்மா பேசினேன்," என்றார் அவர். "நல்லா பேசுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அத்தை.

சிரிப்பு அடங்கியதும் டிப்போக்காரர் எழுந்து நின்றார். "சம்பந்தி, இப்போ தமிழ்லயே சொல்லிர்றேன். நான் தோத்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. கிட்ட வரவுடாத ஆள்கிட்ட எங்காளு ஜெயிக்க மாட்டான். ஒங்க ஆட்டக்காரரே ஜெயிப்பாரு."

நைனா எத்தனை வருஷமாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதர்கூட அவரிடம் இதைச் சொன்னதில்லை. டீக்கடையில் சலித்துப்போய் விடுவார்களே தவிர ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர் முகம் மலர்ந்தது. இப்போது இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, எப்படி ஜெயிப்பார் என்று காட்டப்போகிறார், அந்த மனிதர் மனம் நோகப்போகிறது, நான் எட்டுத் தறி வீட்டுக்குப் போகப்போகிறேன். அம்மாவும் பக்கத்தில் இல்லை. நைனா வாயைத் திறந்தார். திறந்தவர், தலை குனிந்து நின்ற டிப்போக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தார்.

"இல்லீங்க சம்பந்தி," என்றார். "நானும் யோசிச்சுப் பாத்தேன். ரோலரு முன்னாடி நம்மாளு நிக்க மாட்டான். மொதல் ரவுண்டுலயே முடிஞ்சிரும். கால வெச்சிக்கினு எவ்ளோ நேரந்தான் ஏமாத்தறது?"

வியாபாரத்தில் நைனா சொல்லாத பொய் இல்லை. நாளைக்குச் சேலை ரெடி என்று ஒரு மாதம் சொல்வார். ஆனால் பாக்சிங்கில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைவிட, ஆட்டக்காரரை 'மாட்டான்' என்று சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

"நெஜமாவா சொல்றீங்க?" என்றார் டிப்போக்காரர்.

"நெஜமாத்தான். அந்த ஒயரக்காரன்கிட்ட தோத்தது, அன்னிக்கு ஒடம்புக்கு முடியாம இருந்திருக்கும்."

டிப்போக்காரர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. விஷயம் தெரிந்தவர், நம்பியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "வெத்தல பாக்குத் தட்டு எடுத்தா," என்றார்.

திரும்பும்போது நைனாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அத்தை நடுவில் உட்கார்ந்து, இது முழுவதும் தன் சாமர்த்தியத்தால் நடந்த கல்யாணம் என்று வடமாலபேட்டை வரை சொல்லிக்கொண்டே வந்து இறங்கிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெங்களூரில் எந்த மாதிரி வீடு எடுப்போம் என்பதுவரை போய்விட்டேன். நைனா மட்டும் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். உடம்பு சரியில்லையோ என்று பயந்து, "இன்னா நைனா?" என்றேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னுவாங்க," என்றார். "நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா சொன்னேன். அதுவே தாங்கல."

சொல்லிவிட்டு முகத்தைத் திரும்பவும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். புத்தூரில் பஸ் நின்றபோது, கல்யாணம் நிச்சயமான பெண் என்று யாரும் நம்ப முடியாதபடி நான் அழுதுகொண்டிருந்தேன்.